கார்பன் நானோகுழாய்க்குள் இருக்கும் உலோகத்தின் மேல் எலக்ட்ரான் கற்றை பாய்ந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலோகத்தைக் கார்பன் நானோகுழாய்க்குள் எதற்கு வைக்கிறார்கள்?

கார்பன் நானோகுழாய் என்பது கார்பன் அணுத்தாள் சுருண்டு அமைந்த, நானோமீட்டர் பருமனுள்ள குழாய். அதற்குள் உலோகத்தை வைக்கக் காரணங்கள் பல. இரும்பு, கோபால்ட் போன்றவை நானோமீட்டர் அளவுக்குச் சிறுத்தால் காற்று பட்டதுமே ஆக்சைடாகிவிடும். மேலே கிராஃபைட் உறை இருந்தால் அந்தக் கவலை இல்லை. காந்தத் துகள்களைக் கெடாமல் வைத்திருக்க இது நல்ல வழி. இன்னொரு காரணம், குழாயின் துளை ஒரு வார்ப்பச்சு. உள்ளே போகிற உலோகம் அந்தத் துளையின் பருமனுக்கே கம்பியாக அமைந்துவிடும்.

ஒன்றுக்குள் ஒன்றாகப் பல சுவர்கள் கொண்ட பல்சுவர் நானோகுழாய்களை ஆய்வாளர் சுமியோ இஜிமா 1991-இல் விவரித்தார். இரண்டே ஆண்டில், 1993-இல், அஜயனும் இஜிமாவும் உருகிய ஈயத்தைக் காற்றில் சூடாக்கி அந்தக் குழாய்களுக்குள் ஏற்றிக் காட்டினார்கள். இன்று அதிகம் பயன்படும் வழி வேறு. ஃபெரோசீன் போன்ற இரும்புச் சேர்மத்தின் ஆவியை உலைக்குள் செலுத்தினால், குழாய் வளரும்போதே இரும்பும் இரும்புக் கார்பைடும் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும்.

எலக்ட்ரான் கற்றை எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கியிலிருந்துதான். இந்தத் துறையின் வினோதமே அதுதான்: எந்தக் கற்றையால் பார்க்கிறோமோ, அதே கற்றைதான் பொருளை மாற்றவும் செய்கிறது. பார்வையாளரும் வேலைக்காரரும் ஒருவரே.

எவ்வளவு எலக்ட்ரான் என்று கேட்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 ஆம்பியர் என்பது இத்தகைய சோதனைகளில் சாதாரணமான அடர்த்தி. கணக்குப் போட்டால், ஒரு சதுர நானோமீட்டர் வழியாக நொடிக்கு ஏறத்தாழ 60 லட்சம் எலக்ட்ரான்கள் பாய்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை எந்த அணுக்கருவையும் நெருங்காமலே கடந்துபோய்விடும். மிகச் சிலதான் அணுக்கருவுக்கு மிக அருகில் போய்த் திரும்பி, அணுவை இடத்தைவிட்டுத் தள்ளுகின்றன. ஆனாலும் இந்த அடர்த்தியில், குழாய்ச் சுவரில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் நிமிடக் கணக்கில் ஒருமுறையாவது இடம்பெயர்ந்துவிடுகிறது. அதாவது அரை மணி நேரச் சோதனையின் முடிவில் நீங்கள் பார்க்கும் குழாய், தொடக்கத்தில் இருந்த அதே அணு அடுக்கு அல்ல. பலமுறை கலைந்து மறுபடி கட்டப்பட்டது.

கற்றை உலோக அணுக்களை நேரடியாக அடித்துத் தள்ளுகிறதா?

எல்லோரும் முதலில் அப்படித்தான் நினைக்கிறார்கள். பெரும்பாலான உலோகங்களுக்கு விடை: இல்லை.

எலக்ட்ரான் மிக இலேசானது. அணுக்கரு அதைவிடப் பல்லாயிரம் மடங்கு கனமானது. நேருக்கு நேர் மோதினாலும், அணு எவ்வளவு கனமோ அவ்வளவு குறைவான ஆற்றல்தான் அதற்குக் கைமாறும். அணு அளவில் ஆற்றலை எலக்ட்ரான்வோல்ட் என்ற அலகில் சொல்வார்கள், கிலோ என்றால் அதில் ஆயிரம். 300 கிலோஎலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான் ஒரு கார்பன் அணுவுக்கு அதிகபட்சமாக 71 எலக்ட்ரான்வோல்ட் கொடுக்க முடியும். இரும்பு அணுவுக்கு 15. தங்கத்துக்கு 4.3 மட்டுமே. 200-க்கு இறங்கினால் இவை முறையே 44, 9.4, 2.7. 80-க்கு வந்தால் கார்பனுக்குச் சுமார் 16, இரும்புக்கு 3.4, தங்கத்துக்கு 1.

இனி மறுபக்கம். நானோகுழாய்ச் சுவரிலிருந்து ஒரு கார்பன் அணுவைப் பிடுங்க ஏறத்தாழ 17 எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். கற்றையின் ஆற்றலாகச் சொன்னால் 86 கிலோஎலக்ட்ரான்வோல்ட். படிகத்தின் உட்பகுதியிலிருந்து இரும்பு அணுவை நகர்த்தவும் 17-க்குக் குறையாமல் வேண்டும், தங்கத்துக்கு 30-க்கும் மேல். ஆக 300 கிலோவோல்ட் நுண்ணோக்கியில் (அதாவது 300 கிலோஎலக்ட்ரான்வோல்ட் கற்றை தருவதில்) கார்பன் தாராளமாக அடிவாங்குகிறது, இரும்பு மயிரிழையில் தப்புகிறது, தங்கத்துக்கு ஒன்றுமே இல்லை.

விதிவிலக்கு உண்டு. அலுமினியம் இலேசானது, 200 கிலோவோல்ட்டிலேயே அதன் அணுக்கள் பெயரத் தொடங்கும். எந்த உலோகமானாலும் மேற்பரப்பில் உள்ள அணுக்களுக்குப் பிடிப்பு குறைவு, அவை ஓரளவு நகரும். ஆனால் உலோகக் கம்பி முழுவதும் ஒடுங்கி நீளும் அளவுக்கான மாற்றத்தை இவற்றால் விளக்க முடியாது.

அப்படியானால் உலோகம் ஏன் உருமாறுகிறது?

அடிபடுவது கார்பன், அவதிப்படுவது உலோகம். இந்தத் தலைப்பில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

கற்றை பட்டுக் கார்பன் அணு ஒன்று சுவரைவிட்டுத் தெறிக்கிறது. அது இருந்த இடம் காலியாகிறது. தெறித்த அணு இரண்டு சுவர்களுக்கு இடையிலோ குழாயின் துளைக்குள்ளோ விழுந்து, வெகுவேகமாகக் குழாயின் நீளவாக்கில் ஓடி அடிபடாத பகுதிக்குப் போய்விடுகிறது. காலியிடமோ அவ்வளவு சுலபத்தில் நகராது. சுற்றியுள்ள அணுக்கள் அறுந்த பிணைப்புகளைத் தங்களுக்குள் பிணைத்து அந்த ஓட்டையை மூடுகின்றன. பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு காலியானால், அறுகோணங்கள் இருந்த இடத்தில் ஓர் எண்கோணமும் இரண்டு ஐங்கோணங்களும் உருவாகும். சுவர் கிழியாமல் தொடர்ச்சியாகவே இருக்கும். ஆனால் அதில் அணுக்கள் குறைந்துவிட்டன. அணு குறைந்தால் சுற்றளவு குறைய வேண்டும். சுற்றளவு குறைந்தால் குழாய் இறுகும்.

மின்கம்பி இணைப்பின் மேல் செருகிச் சூடாக்கும் சுருங்குறையைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே செயல்தான் இங்கேயும். இங்கே பத்துப் பதினைந்து உறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு ஒதுங்க இடமில்லை.

இதற்கு ஏன் மாதிரியைச் சூடாக்க வேண்டும்?

காலியிடம் உண்டான பிறகு சுவர் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள நேரமும் வெப்பமும் வேண்டும். அறை வெப்பநிலையில் அடித்தால் ஓட்டைகள் ஓட்டைகளாகவே சேரும். கொஞ்ச நேரத்தில் ஒழுங்கான அடுக்குகள் குலைந்து, சுவர் முழுக்க ஒழுங்கற்ற கார்பனாகிவிடும். அதற்கு இறுக்கும் வலு கிடையாது. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் போனால்தான் அழிவும் பழுதுபார்ப்பும் ஈடுகொடுக்கத் தொடங்கும். நானோகுழாய்க்குள் உலோகத்தை நசுக்கும் சோதனைகளைப் பெரும்பாலும் 600 டிகிரிக்குப் பக்கத்தில் செய்கிறார்கள்.

முடிவுகளை ஒப்பிடும்போது பலர் கோட்டைவிடும் இடம் இது. ஒரே கற்றை, ஒரே குழாய், ஒரே உலோகம். வெப்பநிலை மட்டும் வேறு என்றால் கிடைப்பது முற்றிலும் வேறு கதை. மாதிரியை வைத்துச் சூடாக்கும் தாங்கியின் வெப்பநிலையைக் குறிப்பிடாத படங்களை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அழுத்தம் எவ்வளவு வரை போகும்? அதை யார் அளந்தது?

இந்த வரலாறு குழாயில் தொடங்கவில்லை, கார்பன் வெங்காயத்தில் தொடங்கியது. 1992-இல் டேனியல் உகார்ட்டே, தீவிர எலக்ட்ரான் கற்றையின் கீழ் கார்பன் புகைக்கரி உருண்டு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கோளக் கூடுகளாக மாறுவதைக் காட்டினார். 1996-இல் ஃப்ளோரியன் பன்ஹார்ட்டும் அஜயனும் அந்த வெங்காயங்களைச் சுமார் 700 டிகிரியில் வைத்துத் தொடர்ந்து அடித்தார்கள். சாதாரணமாக 0.34 நானோமீட்டர் இருக்கும் அடுக்கு இடைவெளி, மையத்தை நெருங்க நெருங்க 0.22 வரை குறைந்தது. நடுவில் வைரம் தோன்றியது.

அதே எண்ணத்தைக் குழாய்க்குக் கொண்டுவந்தது 2006-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. சுன், பன்ஹார்ட், கிராஷெனினிகோவ், டெரோன்ஸ், அஜயன் உள்ளிட்டோர் அதைச் செய்தார்கள். பல்சுவர்க் குழாய்க்குள் இருந்த இரும்புக் கார்பைடு போன்ற கடினமான படிகங்கள் கற்றையின் கீழ் வளைந்தன, பிதுங்கின, உடைந்தன. உள்ளழுத்தம் 40 கிகாபாஸ்கலைத் தாண்டலாம் என்று அணு அளவிலான கணினி உருவகங்கள் காட்டின. வளிமண்டல அழுத்தத்தைப்போல் நான்கு லட்சம் மடங்கு அது. பூமிக்குள் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் ஆழத்தில் நிலவும் அழுத்தம். கவனிக்க: அந்த 40 என்பது உருவகம் தந்த எண், மானி வைத்து அளந்ததல்ல.

அளக்க வழி உண்டா என்றால், உண்டு. படிகத் தளங்களுக்கு இடையிலான தூரத்தைப் படத்திலிருந்தே எடுக்கலாம். தங்கத்தை உதாரணமாகக் கொள்வோம். அதன் அடர்த்தியான தளங்களின் இடைவெளி 0.2355 நானோமீட்டர். எல்லாப் பக்கமும் சமமாக இறுகி அது 1 விழுக்காடு குறைந்தால் 0.2331 ஆகும். கன அளவில் இது சுமார் 3 விழுக்காடு. தங்கத்தின் பருமக் குணகம் (நசுக்கினால் கன அளவு குறைவதை அது எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு) ஏறத்தாழ 180 கிகாபாஸ்கல் என்பதால் அழுத்தம் 5 கிகாபாஸ்கலுக்குச் சற்று மேல். காகிதத்தில் அழகான கணக்கு. நடைமுறையில், நுண்ணோக்கியின் உருப்பெருக்க அளவீட்டுப் பிழையே 1 விழுக்காட்டை எட்டக்கூடும். அதனால் அதே படத்தில் நசுங்காத ஒரு படிகம் இருந்தாலொழிய, இப்படிப் பெற்ற எண்ணை அப்படியே நம்பக் கூடாது.

வெங்காயத்துக்கும் குழாய்க்கும் என்ன வேறுபாடு?

கோளம் எல்லாப் பக்கமும் மூடியது. உள்ளே இருப்பது எங்கும் போக முடியாமல் சமமாக இறுகும். குழாய் அப்படியல்ல. பக்கவாட்டில் நெருக்கும், நீளவாட்டில் வழி விடும். அதனால் உலோகம் நெகிழ்ந்து ஓடத் தொடங்கியதும் அழுத்தம் ஓரளவு தணியும். குழாய்க்குள் நிலைக்கக்கூடிய அழுத்தத்தைத் தீர்மானிப்பது சுவரின் வலிமை மட்டுமல்ல, உலோகம் எவ்வளவு பிடிவாதமாக எதிர்த்து நிற்கிறது என்பதும்தான்.

நசுங்கும்போது உலோகப் படிகத்துக்குள் என்ன நடக்கிறது?

சாதாரணக் கம்பியை வளைக்கும்போது படிகத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் பிறழ்ச்சிக் கோடுகள், அதாவது அணு வரிசை தடம் மாறிய கோடுகள், நகர்கின்றன. உலோகம் மென்மையாக வளைந்துகொடுப்பது அதனால்தான். சில நானோமீட்டர் பருமனுள்ள படிகத்தில் அப்படிப்பட்ட கோடு ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் மேற்பரப்பு மிக அருகில் என்பதால் நொடியில் வெளியேறிவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று பிறந்தாக வேண்டும், அதற்குப் பெரும் அழுத்தம் தேவை.

2008-இல் பன்ஹார்ட் குழுவினர் தங்கம், பிளாட்டினம், டங்ஸ்டன், மாலிப்டினம் ஆகியவற்றின் தனித்தனி நானோ படிகங்களைச் சுருங்கும் கிராஃபைட் கூடுகளுக்குள் வைத்து இதையே பார்த்தார்கள். உருமாற்றம் மெதுவாக நடந்தது. உருவகத்தோடு ஒப்பிட்டபோது, அதற்குக் காரணம் பிறழ்ச்சிகளின் நடமாட்டமே என்று தெரிந்தது. அணுக்கள் ஒவ்வொன்றாக ஊர்ந்து இடம் மாறுவதல்ல. படத்தில் இதைக் கண்ணால் பிடிப்பது கடினம். பிறழ்ச்சி ஒன்று படிகத்தைக் கடக்கும் நேரம் கேமராவின் ஒரு சட்டகத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஒரு சட்டகத்தில் படிகம் ஒரு வடிவில் இருக்கும், சில சட்டகங்கள் தள்ளி ஓர் அணுத்தளம் வழுக்கி நிற்கும். நடுவில் நடந்தது தெரியாது.

பிதுங்கிய உலோகம் எங்கே போகும்?

குழாயின் துளை வழியாக, கற்றை படாத பக்கம். கற்றையைக் குழாயின் ஒரு பகுதியில் மட்டும் குவித்தால் அங்கே இடுப்பு ஒடுங்கும், உலோகம் இருபுறமும் விலகும். இறுதியில் கம்பி மெலிந்து அறுபடும். முனை மூடியிருந்து உள்ளே காலி இடம் இல்லாவிட்டால், சுவரில் பலவீனமான இடத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

கற்றையின் சூட்டில் உலோகம் உருகியிருக்கலாமே?

நியாயமான சந்தேகம், ஆனால் பெரும்பாலும் இல்லை. 300 கிலோஎலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் 10 நானோமீட்டர் இரும்பைக் கடக்கும்போது சராசரியாகப் பத்துப் பதினைந்து எலக்ட்ரான்வோல்ட் மட்டுமே இழக்கிறது. மிச்சத்தை அப்படியே எடுத்துக்கொண்டு மறுபக்கம் வெளியேறிவிடும். விட்டுப்போன சிறு வெப்பத்தையும் கார்பன் குழாய் நன்றாகக் கடத்திவிடும். குழாய் தாங்கியோடு சரியாகத் தொட்டுக்கொண்டிருக்கும்வரை வெப்பநிலை பெரிதாக ஏறாது. ஒற்றைப் புள்ளியில் தொங்கும் குழாய் என்றால் அந்த உறுதியைத் தர முடியாது.

உருகுநிலை பற்றியும் ஒரு வார்த்தை. பாடநூல் எண்ணை இங்கே அப்படியே பொருத்தக் கூடாது. வெள்ளீயத்துக்கு 232 டிகிரி, ஈயத்துக்கு 327.5 என்று படித்திருப்போம். கிராஃபைட் கூட்டுக்குள் அடைபட்ட இவ்விரண்டும் அந்த வெப்பநிலையை வெகுவாகத் தாண்டியும் திடமாக நிற்பதையும், குளிரும்போது வெகு கீழே போகும்வரை திரவமாகவே இருப்பதையும் 2003-இல் பதிவு செய்திருக்கிறார்கள்.

எல்லா உலோகங்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமா?

இல்லவே இல்லை. கார்பனைக் கரைத்துக்கொள்ளும் உலோகமா, ஒட்டாமல் விலகி நிற்கும் உலோகமா என்பதுதான் முதல் கேள்வி. தங்கமும் செம்பும் இரண்டாவது வகை. அவற்றின்மேல் குழாய் இயந்திரரீதியாக மட்டுமே வேலை செய்யும். இரும்பு, கோபால்ட், நிக்கல் ஆகியவை கார்பனை உள்வாங்கும். இங்கே கற்றை இரட்டை வேலை செய்கிறது: நெருக்குகிறது, கூடவே சுவரிலிருந்து தெறிக்கும் கார்பனை உலோகத்துக்குள் திணிக்கிறது.

இதைவிட நுட்பமான வேறுபாடு ஒற்றைச் சுவர்க் குழாயில் தெரிந்தது. ஆவர்த்தன அட்டவணையில் அடுத்தடுத்து நிற்கும் டங்ஸ்டன், ரீனியம், ஆஸ்மியம் மூன்றையும் சிறு கொத்துகளாகக் குழாய்க்குள் வைத்து 80 கிலோஎலக்ட்ரான்வோல்ட் கற்றையில் பார்த்தார்கள். அந்த ஆய்வு 2012-இல் வெளியானது. டங்ஸ்டன் சுவரோடு லேசாகத்தான் வினைபுரிந்தது. ரீனியம் தான் இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை போட்டது. ஆஸ்மியம் சுவரைக் குலைத்து, ஒடுக்கி, கடைசியில் குழாயையே இரண்டாக்கியது. அணு எண் 74, 75, 76. எடையில் பெரிய வித்தியாசம் இல்லாதபோது கற்றை கொடுக்கும் உதையிலும் வித்தியாசம் இருக்க முடியாது. வேறுபட்டது கார்பனோடு அந்த உலோகம் எவ்வளவு இறுகப் பிணைகிறது என்பதே. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிகத் தெளிவாக வடிவமைக்கப்பட்ட சோதனைகளுள் இது ஒன்று.

80 கிலோவோல்ட் என்பது பாதுகாப்பான எல்லை இல்லையா? அங்கே ஓட்டை எப்படி விழுந்தது?

குறையில்லாத சுவருக்குத்தான் அது பாதுகாப்பு. 16 எலக்ட்ரான்வோல்ட் உதை, 17 தேவைப்படும் அணுவைப் பெயர்க்காது. ஆனால் உலோகக் கொத்து ஒன்று சுவரைத் தொட்டுக்கொண்டு பக்கத்துக் கார்பன் பிணைப்புகளைத் தளர்த்தியிருந்தால், தேவையே குறைந்துவிடும். கற்றை தள்ளுகிறது, உலோகம் வினையூக்கியாக நின்று பிடித்து இழுக்கிறது. ஏற்கெனவே குறையுள்ள சுவரும், வளைவு அதிகமான மெல்லிய குழாயும் இதே காரணத்தால் முன்கூட்டியே கெடும்.

கற்றையைக்கொண்டு உள்ளே புதிய நானோகுழாயை வளர்க்க முடியும் என்கிறார்களே?

ஆம், 2007-இல் செய்து காட்டினார்கள். பல்சுவர்க் குழாய்க்குள் அடைபட்ட இரும்பு, கோபால்ட் போன்ற உலோகத் துண்டின்மேல் 600 டிகிரியளவில் கற்றையைப் பாய்ச்சினார்கள். சுற்றியிருந்த சுவரிலிருந்து கார்பன் அணுக்கள் உலோகத்துக்குள் செலுத்தப்பட்டன. உலோகம் நிறைந்து, தாங்காத கார்பனைத் தன் முனையில் உமிழ்ந்தது. முதலில் ஒரு வளைந்த தொப்பி, பிறகு அதன் பின்னே குழாய். உலைக்குள் கண்மறைவாக நடக்கும் வளர்ச்சியைத் தனித் துகளில், நடக்கும்போதே பார்க்க முடிந்தது என்பதுதான் இதன் மதிப்பு. உற்பத்தி முறையாக இதை யாரும் முன்வைக்கவில்லை.

மின்னணுவியலில் பயன் உண்டா?

நானோகுழாயை மின்சுற்றில் இணைக்கும்போது பெரிய தலைவலி தொடுகைதான். உலோகத்தைக் குழாயின் மேல் படியவைத்தால் பக்கவாட்டில் லேசாக ஒட்டிக்கொண்டு நிற்கும். 2009-இல் ஒரு குழு, உலோகம் நிரம்பிய பல்சுவர்க் குழாய்களை 450 முதல் 700 டிகிரி வரை வைத்துத் தீவிரக் கற்றையால் அடித்தது. உலோகமும் கார்பனும் பிரிந்து ஒதுங்கி, குழாயின் வெட்டுமுகம் நேராக உலோகப் படிகத்தில் போய் முடியும் சந்திப்புகள் உருவாயின. நுண்ணோக்கிக்குள்ளேயே மின்சாரம் செலுத்திப் பார்த்ததில் அவை உலோகத்தைப்போலவே கடத்தின. ஒவ்வொரு சந்திப்பையும் ஒருவர் உட்கார்ந்து உருவாக்க வேண்டும் என்பதால், சில்லு உற்பத்திக்கு இது வெகு தூரம்.

விண்வெளியில் உள்ள எலக்ட்ரான் கதிர்வீச்சும் இப்படிச் செய்யுமா?

ஆற்றல் போதுமானதுதான், எண்ணிக்கை போதாது. பூமியைச் சுற்றியுள்ள கதிர்வீச்சு வளையங்களிலும் எலக்ட்ரான் அடர்த்தி நுண்ணோக்கியில் இருப்பதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. தனித்தனிக் குறைகள் உண்டாகும், குழாய் சுருங்கி உலோகத்தைப் பிழியாது.

எனக்கு உலோகத்தின் படம் மட்டும் போதும். மாதிரி கெடாமல் இருக்க என்ன செய்வது?

80 கிலோவோல்ட் அல்லது அதற்குக் கீழ் இயக்குங்கள். குவியத்தைப் பக்கத்து இடத்தில் சரிசெய்துவிட்டு, பிறகு வேண்டிய இடத்துக்கு நகருங்கள், பாதிக் கதிர்வீச்சு குவியம் தேடுவதிலேயே வீணாகிறது. நுண்ணோக்கிக்குள் மாதிரி இருக்கும் அறையின் வெற்றிடம் மோசமாக இருந்தால் இரண்டு தொல்லை: மிஞ்சியிருக்கும் நீராவியும் ஆக்சிஜனும் கற்றையின் துணையோடு சுவரை அரிக்கும், ஹைட்ரோகார்பன் அழுக்கோ மேலே படிந்து சுவரைத் தடிமனாக்கும். இரண்டுமே உதையால் வந்த சேதம்போல் தோற்றமளிக்கும்.

பார்த்த மாற்றம் கற்றையால்தான் வந்தது என்று எப்படி உறுதி செய்வது?

கற்றையை மூடிவிட்டு அதே வெப்பநிலையில் அதே நேரம் காத்திருங்கள். திறந்து பார்க்கும்போது மாற்றம் நின்றிருந்தால் கற்றைதான் காரணம், தொடர்ந்திருந்தால் வெப்பம். அதே தாங்கியில், கற்றை ஒருமுறைகூடப் படாத வேறொரு குழாயையும் கடைசியாக ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு கற்றையின் ஆற்றலை 80-க்குக் குறைத்து, அடர்த்தியை மாற்றாமல் மறுபடி செய்யுங்கள். குழாய் சுருங்குவது நின்றுபோய் உலோகமும் அசையாமல் இருந்தால், வேலை செய்தது கார்பன் சுவர். சுவர் அப்படியே இருக்க உலோகம் மட்டும் நகர்ந்தால், மேற்பரப்பு அணுக்களின் நகர்வையோ குழாய் சரியாகத் தொடாததால் ஏறிய சூட்டையோ தேட வேண்டும்.